தமிழ் தெரியாத இயக்குநர்

கல்வராயன் மலைக்கு ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி, மறுபக்கம் சேலம் மாவட்டம். ஆத்தூர் வழியாகச் சேலம் போய் ஏற்காடு சாலையில் திரும்பினால் ஒரு பழைய நுழைவாயில் வளைவு நிற்கும். மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று மிச்சமிருக்கும் அடையாளம் அதுதான். செல்ஃபி எடுக்க நிற்கும் பலருக்கும் எம்.ஜி.ஆரும் கலைஞரும் அங்கே வேலை பார்த்தது தெரியும். 1950இல் அவர்கள் இருவரும் சேர்ந்த ‘மந்திரி குமாரி’யின் இயக்குநர் ஓர் அமெரிக்கர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

எல்லிஸ் ஆர். டங்கன், 1909இல் ஒஹையோவில் பிறந்தவர். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தபோது உடன் படித்த மாணிக்லால் டாண்டன் கூப்பிட்டார் என்று 1935இல் இந்தியா வந்தார். சில மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்பதுதான் திட்டம். இருந்தது பதினைந்து வருஷம்!

அப்போது தமிழ் பேசும்படத்துக்கு வயது நாலு. நாடகத்தை அப்படியே படம் பிடிப்பதுதான் பெரும்பாலும் நடந்தது. கேமரா அசையாது, பாட்டு நிற்காது. டாண்டன் கைகாட்டிவிட, டங்கனுக்கு ‘சதி லீலாவதி’ (1936) கிடைத்தது. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. குடியால் கெட்ட ஒருவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் போய்க் கூலி வேலை செய்கிறான். புராணம் கோலோச்சிய காலத்தில் இப்படியொரு சமூகப் படம். சின்ன இன்ஸ்பெக்டர் வேடத்தில் எம்.ஜி.ஆர். அறிமுகமானதும் இதில்தான்.

மொழியே தெரியாமல் எப்படி இயக்கினார்? வேலையில் எனக்கு ஒருமுறை கமெண்ட் எல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்த கோடு வந்து சேர்ந்தது. எழுதியவர் என்ன சொல்கிறார் என்று படிக்க வழியில்லை. அது என்ன செய்கிறது என்று பார்க்க மட்டும்தான் முடிந்தது. டங்கனின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். வசனத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உதவியாளர்களும் இருந்தார்கள். ஆனால் செட்டில் அவர் காதுக்கு அது ஓசைதான். அதனால் முகம், ஒளி, நகர்வு, வெட்டு இவற்றை நம்பினார். ‘மீரா’வுக்காக (1945) எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தை மார்பளவுச் சிலையாகச் செய்யவைத்து, ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியோடு சேர்ந்து அதன்மேல் விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். குரலுக்காகவே கொண்டாடப்பட்ட ஒருவரை, முகமாகப் பார்க்க உட்கார்ந்த ஆள்!

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ் சினிமாவில் வசனம் தலைநிமிர்ந்ததும் இவர் படங்களில்தான். ‘அம்பிகாபதி’யில் (1937) இளங்கோவனின் உரைநடை, காதல் காட்சிகளில் ரோமியோ ஜூலியட்டின் சாயல். பதிமூன்று வருஷம் கழித்து ‘மந்திரி குமாரி’யில், குண்டலகேசி கதையை வைத்துக் கலைஞர் எழுதிய வசனம். இது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். எழுத்தில் கைவைக்க முடியாத இயக்குநர், எழுத்தாளரை எழுத்தாளராக விட்டுவிட்டார். தன் வேலையைக் கேமராவில் செய்தார்.

சரி, பதினைந்து வருஷத்தில் தமிழ் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? நியாயமான கேள்வி. ஆங்கிலம் தெரியாத தமிழர் ஒருவருக்கு அன்றைய ஹாலிவுட் படம் கொடுத்திருக்குமா? வெள்ளைக்காரர் ஆட்சியில் வெள்ளைத்தோலுக்குத் திறந்த கதவுகள் அவருக்கும் திறந்தன. காதல் காட்சிகள் எல்லை மீறுகின்றன என்று ‘பொன்முடி’க்குத் (1950) திட்டும் கிடைத்தது. ஆனால் திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

‘மந்திரி குமாரி’ முடிவதற்குள் அவர் கிளம்பிவிட, டி.ஆர். சுந்தரம் முடித்தார். டைட்டிலில் இருவர் பெயரும் உண்டு. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் ஊரில், தொழில் நிறுவனங்களுக்கு ஆவணப்படம் எடுத்துப் பிழைத்தார். 1994இல் சென்னை வந்தபோது திரையுலகம் கௌரவித்தது. 2001இல் காலமானார்.

எம்.ஜி.ஆரின் முதல் படம், எம்.எஸ்.ஸின் கடைசிப் படம், கலைஞரின் பெயர் பரவிய படம். மூன்றையும் நாம் நடிகர், பாடகி, வசனகர்த்தா பெயரில் நினைவு வைத்திருக்கிறோம். கேட்டே பழகிய நம் சினிமாவுக்கு, பார்க்கச் சொல்லிக்கொடுத்தவரின் பெயரையும் ஒருதடவை டைட்டிலில் நிறுத்திப் படிக்கலாம்.