உறுப்பினர் யார்? கூட்டுறவுச் சட்டங்களும் சேரியும்



யாருடைய நினைவாக இன்று திருப்பாதிரிப்புலியூரில் கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவர் மறைந்தபின் அவருடைய துணிப்பையிலிருந்து நாம் எடுத்த காகிதங்களில் ஒன்று, நிரப்பப்பட்ட உறுப்பினர் விண்ணப்பம். தன் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர அவர் எழுதியது. மேலே தேதி இருக்கிறது, கீழே கையெழுத்து இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கான முத்திரை மட்டும் இல்லை.

மூன்று முறை போனதாக அவர் நம்மிடம் சொல்லியிருக்கிறார். முதல் முறை செயலாளர் வரவில்லை. இரண்டாம் முறை, புதிதாக ஆள் சேர்க்க உத்தரவு வரவில்லை. மூன்றாம் முறை, "உனக்கு எதுக்குப்பா பங்கு? நகைக்கடன் வேணும்னா வா, வாங்கிக்கலாம்" என்று சிரித்தபடி சொன்னார்கள். சொன்னவர் இவரைவிட இருபது வயது இளையவர். யாரும் அவரை மறுக்கவில்லை. யாரும் சேர்க்கவும் இல்லை.

கூட்டுறவுச் சட்டச் சீர்திருத்தம் என்று பேச்செடுத்தால் தேர்தல், தனி அலுவலர், தணிக்கை, முறைகேடு என்றுதான் விவாதம் நடக்கிறது. இவையெல்லாம் தேவையான விவாதங்களே. ஆனால் இவை உள்ளே இருப்பவர்களின் பிரச்சினைகள். வெளியே நிற்பவரின் பிரச்சினை ஒன்றுதான்: உறுப்பினர் யார்? அதை யார் முடிவு செய்கிறார்கள்? நூற்றிருபது ஆண்டுச் சட்ட வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்ப்பதே இந்தப் பொழிவின் நோக்கம்.

சட்டத்துக்குள் இருந்த சாதி

இந்தியக் கூட்டுறவின் கதை சென்னை மாகாணத்தில்தான் தொடங்குகிறது. விவசாயிகளின் கடன்சுமைக்கு வழி தேடி மாகாண அரசு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அவர் அறிக்கைகள் கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் உருவாக்கிய கிராமக் கடன் சங்கமே நமக்கு ஏற்றது என்பது அவர் முடிவு. அதன் தொடர்ச்சியாக 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திரூரில் விவசாயிகளுக்கும் திருவல்லிக்கேணியில் நகர மக்களுக்கும் சங்கங்கள் தோன்றின.

ரைபைசன் முறையின் அடிப்படை என்ன? சிறிய கிராமம். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். சொத்தைவிட ஒருவரின் நன்னடத்தையே கடனுக்குப் பிணை. சங்கம் நொடித்தால் எல்லா உறுப்பினர்களும் வரம்பில்லாமல் பொறுப்பு. ஜெர்மன் கிராமத்தில் இது ஏழைக்குக் கைகொடுத்திருக்கலாம். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் தென்னார்க்காட்டுக் கிராமத்தில் இதன் பொருள் வேறு. பண்ணையாளின் கடனுக்கு மிராசுதார் வரம்பில்லாப் பொறுப்பு ஏற்பாரா? அவனுடைய 'நன்னடத்தை'க்குச் சான்று சொல்ல வேண்டியவரே, அவனைக் கடனில் கட்டி வைத்திருந்த முதலாளி. எல்லோரும் எல்லோரையும் அறிந்த கிராமத்தில் முதலில் அறியப்படுவது சாதி.

சட்டம் இதை மறைக்கவும் இல்லை. 1912-ல் வந்த கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 6-வது பிரிவைப் படியுங்கள். கடன் சங்கம் தொடங்கப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட பத்துப் பேர் வேண்டும். அவர்கள் ஒரே ஊரையோ ஊர்த் தொகுதியையோ சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். அல்லது ஒரே குலம், வகுப்பு, சாதி, தொழில் என்று ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். சாதியைக் கூட்டுறவின் இயல்பான அலகாக அரசு ஏற்றுக்கொண்டது. 'ஒரே ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி அடங்குமா என்று அந்தச் சட்டம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

தனிச் சங்கங்களின் அனுபவம்

அப்படியானால் நமக்கென்று தனிச் சங்கம் தொடங்கலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். வரலாற்றில் அதுவும் நடந்தது. 1920-ல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் பதவி ஏற்பட்டது. 'தாழ்த்தப்பட்ட வகுப்பார்' நலன் அந்தத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. காவிரிப் பாசனப் பகுதிகளில் நம் மக்கள் குடியிருந்த மனைக்கட்டு, பெரும்பாலும் நிலக்கிழாருடையது. கூலி கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், குடிசை போகும். கொள்ளிடக் கரைச் சிதம்பரம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பிடியைத் தளர்த்த மனைநிலம் வாங்கிக்கொடுப்பதும், அதற்கான தொகையைத் தவணையில் திருப்பிச் செலுத்த ஆதிதிராவிடர் கூட்டுறவுச் சங்கங்களை அமைப்பதும் துறையின் பணிகளாயின.

இதைக் குறைத்து மதிப்பிட மாட்டோம். சங்கத்தின் வழியாகச் சேரி முதன்முறையாக ஒரு பதிவேட்டில், ஒரு ரசீதில் பெயர் பெற்றது. ஆனால் மற்றவர்களுக்குக் கூட்டுறவு என்பது பயிர் வைக்க, வியாபாரம் செய்யக் கிடைத்த முதல். நமக்கோ காலங்காலமாகக் குடியிருந்த மண்ணையே விலை கொடுத்து வாங்குவதற்கான கடன். ஏழைகள் மட்டும் சேர்ந்த சங்கத்தில் சேமிப்பு எங்கிருந்து வரும்? அது அதிகாரியின் கையைப் பார்த்தே வாழ்ந்தது. விவசாயத் தொழிலாளரின் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1971-ல்தான் வந்தது. தனிச் சங்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பொதுச் சங்கத்தின் கதவை மூடி வைப்பதற்கு அது சாக்காகிவிடக் கூடாது என்கிறோம்.

சிதம்பரம், நந்தனாரை வாசலில் நிறுத்திய ஊர். அதே ஊரில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கோயில் கதவைத் திறக்க 1947-ல் மாகாணச் சட்டம் வந்தது. காட்டுமன்னார்கோவில் மண்ணின் எல். இளையபெருமாள் தலைமையில் 1965-ல் ஒன்றிய அரசு அமைத்த குழு, தீண்டாமையையும் பொருளாதாரத்தையும் கல்வியையும் சேர்த்தே ஆராய்ந்து 1969-ல் அறிக்கை தந்தது. கோயில் வாசலில் நடப்பது மட்டும் தீண்டாமை அல்ல, கடன் கொடுக்கும் இடத்தில் நடப்பதும் தீண்டாமையே என்ற புரிதலை நாம் இந்த மரபிலிருந்தே பெறுகிறோம்.

நிலம் என்ற தகுதி

விடுதலைக்குப் பின் சாதி என்ற சொல் கூட்டுறவின் வாசலிலிருந்து அகன்றது. அந்த இடத்தில் நிலம் வந்து நின்றது. 1951-52-ல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, கிராமக் கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம் மட்டுமே என்று கண்டது. நிலத்தை அடமானமாகப் பாராமல் விளையும் பயிரைப் பார்த்துக் கடன் கொடுக்க அது பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரைதான். நடைமுறையில் பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுபவரிடம் இவை இல்லை. கூலிக்கு நடுபவரிடம் பயிரே இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 29 சதவீதம். இந்த மாவட்டத்தின் வயலும் கரும்பும் அவர்கள் உழைப்பு. சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கூட்டுறவு ஆலையில் பங்குதாரர் என்பவர் கரும்பு பயிரிடுபவர். சோகை கிழித்துக் கரும்பு வெட்டும் கூலியாள் எத்தனை பருவம் வெட்டினாலும் பங்குதாரர் ஆவதில்லை. ஆலை அவர் உழைப்பில் ஓடுகிறது. பொதுக்குழுவில் அவருக்கு நாற்காலி இல்லை.

உறுப்பினர் என்ற சொல்லின் விலை, தள்ளுபடி வரும்போதுதான் தெரிகிறது. 2006-ல் ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியானது. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. கடன்பட்ட விவசாயிக்குக் கிடைத்த நிவாரணத்தை நாம் எதிர்க்கவில்லை. பொதுப் பணம் எந்த வழியாகப் பாய்கிறது என்று கேட்கிறோம். அது பயிர்க்கடன் பதிவேட்டின் வழியாகப் பாய்கிறது. அந்தப் பதிவேட்டில் இல்லாத விவசாயத் தொழிலாளியின் கடன் கந்துவட்டிக்காரரிடமும் குழுக்கடன் கம்பெனியிடமும் இருக்கிறது. அதைத் தள்ளுபடி செய்ய எந்த அரசாணையும் வராது.

கடன் சங்கத்தோடு இது முடிவதில்லை. 2001-02-ல் பதினொரு மாநிலங்களின் 565 கிராமங்களில் நடந்த ஆய்வு, 'ஊரக இந்தியாவில் தீண்டாமை' என்ற பொருளில் ஆங்கில நூலாக 2006-ல் வந்தது. கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலித்துகள் பால் ஊற்ற முடியாத நிலை, கிட்டத்தட்டப் பாதி கிராமங்களில் இருப்பதை அது பதிவு செய்தது. பாலின் கொழுப்பை அளக்கக் கருவி இருக்கிறது. கறந்தவர் சாதியை அளக்கக் கருவி தேவைப்படவில்லை.

இடஒதுக்கீடும் ஒரு நிபந்தனையும்

நிர்வாகக் குழுவில் இடஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 97-வது திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. நிர்வாகக் குழுவில் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடமும் பெண்களுக்கு இரண்டு இடமும் மாநிலச் சட்டங்கள் ஒதுக்க வேண்டும் என்றது. கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: அந்தப் பிரிவினர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் இந்த ஒதுக்கீடு. நம் பெரியவரின் விண்ணப்பத்தில் விழாத முத்திரை இப்போது முழுப் பொருள் பெறுகிறது. உறுப்பினராகச் சேர்க்காவிட்டால் ஒதுக்கீட்டையும் தவிர்த்துவிடலாம். கதவை மூடியவருக்கே சட்டம் இன்னொரு பூட்டையும் கொடுத்திருக்கிறது.

அந்தத் திருத்தமும் நிலைக்கவில்லை. மாநில அதிகாரத்தைத் தொடும் திருத்தத்துக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறவில்லை என்பதால், 2021 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் அதன் கூட்டுறவுப் பகுதியைப் பல மாநிலச் சங்கங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. மாநில உரிமை என்ற அளவில் அது சரியான தீர்ப்பு. அதன் விளைவாக, ஊர்ச் சங்கத்தில் நமக்கு என்ன உண்டு என்பது முழுக்க மாநிலச் சட்டத்தின் கையில் இருக்கிறது. நம் போராட்டக் களம் டெல்லி அல்ல, சென்னை.

2005-ல் வந்த இன்னொரு தீர்ப்பையும் மாணவர்கள் படிக்க வேண்டும். அகமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று துணை விதி வைத்திருந்த வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கு. அந்த விதி செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். துணை விதி என்பது உறுப்பினர்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், சமத்துவ உரிமையைக் காட்டி அதை உடைக்க முடியாது என்பது அதன் தர்க்கம். சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன்னைக் காத்துக்கொள்ளும் ஆசையை நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் அதே தர்க்கம் ஆதிக்கச் சாதியின் கைக்குப் போனால் 'அக்ரகாரம்' என்ற சொல்லே தேவைப்படாது, 'துணை விதி' போதும்.

நாம் கேட்பது

1983-ல் இயற்றப்பட்டு 1988-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் பணத்தைக் காப்பதில் கண்டிப்பானது. 81-வது பிரிவில் விசாரணை, 82-ல் ஆய்வு, 87-ல் தண்டத் தீர்வை, 88-ல் நிர்வாகக் குழுக் கலைப்பு என்று வரிசையாக ஆயுதங்கள் உள்ளன. 2001-ல் நிர்வாகக் குழுக்களை ஒட்டுமொத்தமாகக் கலைத்துத் தனி அலுவலர்களை அமர்த்த அரசால் முடிந்தது. 2018-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் ஐந்தாண்டும் 2023-ல் முடிந்தது. குழு இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் உறுப்பினர் பதிவேடு அதே பதிவேடுதான். அதனால்தான் சீர்திருத்தம் பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம்.

முதலாவது, விண்ணப்பம். மகாராஷ்டிரத்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி காட்டுகிறது. சங்கம் விண்ணப்பத்தை வாங்க மறுத்தால், பங்குத்தொகையோடு பதிவாளரிடமே கொடுக்கலாம். அவர் அதைச் சங்கத்துக்கு அனுப்புவார். அறுபது நாளில் சங்கம் முடிவு சொல்லாவிட்டால் விண்ணப்பித்தவர் உறுப்பினர் ஆகிவிட்டதாகவே கொள்ளப்படும். முறையீடு செய்ய மறுப்பு எழுத்தில் வேண்டும். நமக்குக் கிடைப்பதோ சிரிப்பும் சாக்கும். மௌனத்தையே சம்மதமாக்கும் இந்த விதி நம் ஊர்ச் சங்கம் ஒவ்வொன்றின் சுவரிலும் எழுதப்பட வேண்டும். சட்டம் இருந்தும் மகாராஷ்டிரச் சர்க்கரைக் கூட்டுறவில் ஆதிக்கச் சாதியின் பிடி தளரவில்லை என்பதையும் மறக்கவில்லை. சட்டத்தைக் கையில் எடுத்துப் போக ஆள் வேண்டும்.

இரண்டாவது, தகுதி. குத்தகைதாரரும் விவசாயக் கூலியும் வாக்குரிமை உள்ள முழு உறுப்பினராக வேண்டும். நகைக்கடனுக்காக மட்டும் சேர்க்கப்படும் இணை உறுப்பினர் என்ற திண்ணை நமக்குப் போதாது. கடன் வாங்குவோருக்கும் சேமிப்போருக்கும் முழு வாக்குரிமை வேண்டும் என்று, 2004-ல் அமைக்கப்பட்ட அ. வைத்தியநாதன் குழுவே சொல்லியிருக்கிறது.

மூன்றாவது, கணக்கு. ஊரில் நம் மக்கள் எத்தனை பேர், சங்கத்தில் எத்தனை பேர், கடனில் எத்தனை ரூபாய் என்று ஆண்டுதோறும் பொதுக்குழுவில் வைக்க வேண்டும். வரவு செலவைத் தணிக்கை செய்பவர்கள் இதையும் தணிக்கை செய்யட்டும்.

நான்காவது, தண்டனை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. சாதி பார்த்து உறுப்பினர் உரிமையை மறுப்பதையும் பாலைத் திருப்பி அனுப்புவதையும் அந்தக் கண்ணோடு பார்க்கக் கூட்டுறவுத் துறை பழக வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1947-ல் அரசமைப்பு அவைக்கென எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், நிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி வேறுபாடின்றிக் கிராமத்தாருக்குக் கூட்டுப் பண்ணையாகக் கொடுக்கச் சொன்னார். நிலக்கிழாரும் இல்லை, குத்தகைக்காரரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை என்ற நிலை அவர் கனவு. ஊர்ச் சங்கத்தில் உறுப்பினர் உரிமை கேட்பது அந்தக் கனவுக்கு முன்னால் மிகச் சிறியது. அந்தச் சிறியதற்கே நூற்றாண்டு தாண்டியும் வரிசையில் நிற்கிறோம்.

பெரியவரின் விண்ணப்பம் நம்மிடம் இருக்கிறது. இங்கே வந்திருக்கும் மாணவர்கள் ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சேரியில் சொசைட்டியில் பங்கு உள்ளவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். இல்லாதவர்களிடம் விண்ணப்பம் எழுதி வாங்குங்கள். ஒருவராகப் போகாமல் பத்துப் பேராகப் போங்கள். முத்திரை விழாமல் திரும்பி வராதீர்கள். சங்கம் தொடங்க 1904-ல் சட்டம் கேட்ட எண்ணிக்கையும் பத்துதான்.

ஜெய் பீம்.