இலவசக் குடும்பப் படம்: கையெழுத்திடும் முன்

பேரங்காடியில் இலவசக் குடும்பப் படத்துக்குக் கூப்பன் நீட்டுவார்கள். ஒப்பனை, உடை, ஒரு படம் வரை இலவசம்தான். விற்பனை அதற்குப் பிறகே தொடங்கும். எடுத்த படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டி, "வாங்காததை அழித்துவிடுவோம், இந்த விலை இன்றைக்கு மட்டும்" என்பார்கள். பிள்ளையின் சிரிப்பை அழிக்க எந்த அம்மாவுக்கு மனம் வரும்? ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆல்பம் அப்படித்தான் தலையில் விழுகிறது.

வீடு தேடி வரும் நேரடி விற்பனைக்குச் சட்டம் தரும் 10 வேலை நாள் அவகாசத்தை நம்பி ஸ்டுடியோவில் கையெழுத்திடாதீர்கள். மொத்த விலை, படங்களின் எண்ணிக்கை, டிஜிட்டல் பிரதி உண்டா என்பதை முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஏமாற்றப்பட்டவர்கள் ரசீதுடன் 3 ஆண்டுக்குள் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை.