வளரூக்கி

'வளர்' என்னும் வினையடியோடு, தூண்டுவது எனப் பொருள்படும் 'ஊக்கி' சேர்ந்து அமைந்த இச்சொல்லில், உடலியலறிஞர் ஸ்டார்லிங் 1905இல் கிளர்த்துதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வழக்குக்குக் கொணர்ந்த 'ஹார்மோன்' என்பதன் கருத்து அப்படியே பொதிந்துள்ளது. ஆயினும் குன்னூர்த் தேயிலைச் செடி இப்பெயருக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. கொழுந்தின் நுனியில் உருவாகும் ஆக்சின் (இதுவும் வளர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே) தண்டின் வழியே கீழிறங்கி, இலைக்கோணங்களில் உள்ள பக்கமொட்டுகளை உறங்கவைக்கிறது; தாவரவியலார் இதனை நுனி ஆதிக்கம் என்பர். ஊக்கி என்று பெயர்பெற்றது தடுப்பானாக நிற்கும் விந்தை இது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளப்பட்டதும் அத்தடை தளர, வேரிலிருந்து மேலேறும் சைட்டோகைனின் என்னும் மற்றொரு வளரூக்கியின் துணையோடு பக்கமொட்டுகள் துளிர்க்கின்றன. விட்டுவிட்டால் மரமாகிவிடும் செடி, இடுப்பளவில் மேசைபோல் பரந்து நிற்பதற்கு இதுவே அடிப்படை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளையே வெட்டிவிடும் கவாத்தும் இவ்விதியை நம்பியே நடைபெறுகிறது.