சோலார் மானியம் கட் ஆனா என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்ததும், நாம கவனிக்க வேண்டியதும்!

அமெரிக்காவில் சொந்தக் காசு போட்டோ, கடன் வாங்கியோ வீட்டுக் கூரையில் சோலார் பேனல் வைப்பவர்களுக்கு மத்திய அரசு கொடுத்து வந்த 30% வரிச் சலுகை, 2025 டிசம்பர் 31-ம் தேதியுடன் முடிந்துவிட்டது. 2034 வரை இருக்கும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்த சலுகை அது. 9 வருஷம் முன்னாடியே கதவு சாத்தப்பட்டிருக்கிறது.

அரசு கைகொடுத்து வளர்த்த ஒரு சந்தையில் இருந்து அந்தக் கை திடீர்னு விலகினால் என்ன நடக்கும்? பேனல் மாட்டும் கம்பெனிகள் என்ன ஆகும்? ஏற்கெனவே பேனல் வைத்தவர்களின் வாரண்டி என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

அது என்ன 30% சலுகை?

நம்ம ஊரில் சோலார் மானியம் என்றால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அமெரிக்காவில் அப்படி இல்லை. சோலாருக்குச் செலவு செய்த தொகையில் 30 சதவீதத்தை, கட்ட வேண்டிய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 30,000 டாலர் செலவு என்றால் 9,000 டாலர் வரி மிச்சம்.

2005-ல் கொண்டுவரப்பட்ட எரிசக்திச் சட்டத்தில் இந்தச் சலுகை தொடங்கியது. அப்போது அதிகபட்சம் 2,000 டாலர்தான். பிறகு அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் பைடன் அரசு கொண்டுவந்த சட்டம், 2032 வரை 30%, 2033-ல் 26%, 2034-ல் 22% என்று நீண்டகாலத்துக்கு உறுதி கொடுத்தது. அதை நம்பித்தான் பல கம்பெனிகள் ஆள் எடுத்தன, கடன் வாங்கின, புதிய மாநிலங்களுக்குப் போயின.

2025 ஜூலை 4-ம் தேதி அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட வரி மற்றும் செலவினச் சட்டம் இதை மாற்றியது. அந்தத் தேதியில் இருந்து கெடு வெறும் 6 மாதம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 2025-லேயே பணம் கட்டியாச்சு என்பது மட்டும் போதாது, வேலையும் முடிந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க வருமான வரித்துறை தெளிவுபடுத்தியது. அதாவது, டிசம்பரில் முழுப் பணத்தையும் கட்டி, ஜனவரி முதல் வாரத்தில் பேனல் மாட்டி முடித்தால் சலுகை கிடையாது. 9,000 டாலர் கைக்கு வருமா வராதா என்பது, மாட்ட வரும் ஆட்கள் எந்தத் தேதியில் ஏணி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

சலுகை இல்லைன்னா எவ்வளவு வித்தியாசம்?

ஒரு எளிய கணக்கு. சோலார் அமைக்க 30,000 டாலர் ஆகிறது, அதனால் மின் கட்டணத்தில் வருஷத்துக்கு 2,500 டாலர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம்.

சலுகையோடு: செலவு 21,000 டாலர். போட்ட காசு திரும்ப சுமார் 8 வருஷம் 5 மாதம்.

சலுகை இல்லாமல்: செலவு 30,000 டாலர். போட்ட காசு திரும்ப 12 வருஷம்.

பேனல் 25 வருஷம் உழைக்கும் என்பதால் இரண்டிலுமே லாபம் இருக்கிறது. ஆனால் 12 வருஷம் அதே வீட்டில் இருப்போமா என்று தெரியாதவர், 60 வயதைத் தாண்டியவர், கடனுக்கு வட்டி கட்டுபவர் எல்லாம் இரண்டாவது கணக்கைப் பார்த்தால் பின்வாங்கத்தான் செய்வார்கள். சந்தை சுருங்குவது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் அடி கலிபோர்னியாவில்!

உண்மையில் அமெரிக்க வீட்டு சோலார் தொழிலுக்கு அடி விழுந்தது 2025-ல் இல்லை. நாட்டிலேயே பெரிய சோலார் சந்தையான கலிபோர்னியாவில், 2023 ஏப்ரலிலேயே விழுந்துவிட்டது.

அதுவரை அங்கே நெட் மீட்டரிங் முறை இருந்தது. பகலில் வீட்டில் மிச்சமாகும் மின்சாரத்தை கிரிட்டுக்குக் கொடுத்தால், கிட்டத்தட்ட நாம் வாங்கும் விலையிலேயே வரவு வைப்பார்கள். சராசரியாக யூனிட்டுக்கு 30 சென்ட். 2023 ஏப்ரல் 15-ம் தேதி முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இது சுமார் 75% குறைந்து, சராசரியாக 8 சென்ட் ஆனது. மாதம் 500 யூனிட் கிரிட்டுக்குக் கொடுத்த வீட்டுக்கு 150 டாலர் வரவு வந்த இடத்தில் 40 டாலர் மட்டுமே.

இந்த மாற்றத்தை ஆதரித்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. சோலார் வைத்தவர் கட்டணம் குறைவாகக் கட்டினால், கம்பி, மின்மாற்றி பராமரிப்புச் செலவு சோலார் வைக்க வசதி இல்லாதவர் தலையில் விழுகிறது என்பது அவர்கள் வாதம். பகலில் தேவைக்கு மேல் சோலார் மின்சாரம் குவிகிறது, மாலையில்தான் பற்றாக்குறை, அதனால் பேட்டரி வைப்பவர்களுக்குத்தான் ஊக்கம் தர வேண்டும் என்றும் சொன்னார்கள்.

பேட்டரி விற்பனை உண்மையிலேயே கூடியது. ஆனால் அதே நேரத்தில் புதிய சோலார் விண்ணப்பங்கள் சரிந்தன. 2023 முடிவதற்குள் சுமார் 17,000 பேர் வேலை இழந்ததாக அந்த மாநில சோலார் தொழில் சங்கம் கணக்கு சொன்னது.

முதலில் கூட்டம், பிறகு வெறிச்!

மானியக் குறைப்பு எங்கே நடந்தாலும் ஒரே மாதிரி காட்சிதான். கெடு தேதிக்கு முன்னாடி தீபாவளிக் கடை மாதிரி கூட்டம். அது முடிந்த மறுநாள் கடை காலி. காரணம் எளிது. அடுத்த வருஷம் வாங்க நினைத்தவரும் இந்த வருஷமே வாங்கிவிடுகிறார்.

ஸ்பெயின் இதை 2008-ல் பார்த்தது. சோலார் மின்சாரத்துக்கு அரசு அதிக விலை நிர்ணயித்ததால், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்காக, அந்த ஒரே வருஷத்தில் 2,500 மெகாவாட்டுக்கு மேல் அமைக்கப்பட்டது. அரசு விலையைக் குறைத்து, வருடாந்திர உச்சவரம்பும் வைத்தது. 2009-ல் புதிதாக வந்தது 100 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை.

பிரிட்டனில் விஷயம் கோர்ட்டுக்கே போனது. 2011 அக்டோபர் கடைசியில், சோலார் மின்சாரத்துக்கான விலை யூனிட்டுக்கு 43.3 பென்ஸில் இருந்து 21 பென்ஸாகப் பாதியாகும் என்றும், டிசம்பர் 12-க்குப் பிறகு பதிவு செய்பவர்களுக்கு அது பொருந்தும் என்றும் அரசு சொன்னது. மக்கள் கருத்துச் சொல்ல டிசம்பர் 23 வரை அவகாசம் கொடுத்துவிட்டு, அதற்கு முந்தைய தேதியில் விலையைக் குறைப்பது சட்டப்படி தவறு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அரசு தோற்றது. ஆனால் கோர்ட் தடுத்தது தேதியைத்தான். சில மாதங்களில் விலை எப்படியும் குறைந்தது.

கம்பெனி மூடிட்டா வாரண்டி என்ன ஆகும்?

சாமானிய மக்களை நேரடியாகப் பாதிப்பது இதுதான். அமெரிக்காவில் 2024, 2025-ல் வரிசையாகக் கம்பெனிகள் விழுந்தன. 1985-ல் தொடங்கப்பட்ட சன்பவர், 2024 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்தது. டைட்டன் சோலார் பவர் அதே ஆண்டு ஜூனில் மூடப்பட்டது. 2025 ஜூனில், சலுகையை நிறுத்தும் மசோதா விவாதத்தில் இருந்தபோதே, சோலார் கடன் கொடுத்து வந்த மொசைக் நிறுவனமும், ஹூஸ்டனைச் சேர்ந்த சன்னோவாவும் சில நாள் இடைவெளியில் திவால் மனு தாக்கல் செய்தன.

பழியை மானியக் குறைப்பின் மேல் மட்டும் போட முடியாது. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம், 2023 ஜூலையில் 5.25-5.5% ஆனது. கடனில் ஓடிய தொழிலுக்கு அதுவே பெரிய சுமை. மானியக் குறைப்பும் வட்டியும் சேர்ந்து அடித்ததில்தான் பல கம்பெனிகள் தாங்கவில்லை.

பேனல் வைத்தவர் நிலைமை என்ன? வாரண்டி ஒன்று இல்லை, பல உண்டு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

* பேனல் வாரண்டி: தயாரித்த கம்பெனி கொடுப்பது. பெரும்பாலும் 25 வருஷம். மாட்டிய கம்பெனி மூடினாலும் இது செல்லும்.
* இன்வெர்ட்டர் வாரண்டி: இதுவும் தயாரிப்பாளர் கொடுப்பதுதான். பல இன்வெர்ட்டர்களுக்கு 10 வருஷத்தை ஒட்டி இருக்கும்.
* வேலை வாரண்டி: கூரையில் ஓட்டை போட்ட இடத்தில் ஒழுகினால், வயரிங்கில் கோளாறு வந்தால் பார்ப்பது மாட்டிய கம்பெனி. அது மூடினால் இந்த வாரண்டி வெறும் காகிதம்தான்.

பேனல் பழுதானால் தயாரிப்பாளர் புதுசு அனுப்பலாம். ஆனால் ஏறி மாட்ட ஆள் வேண்டுமே! அடுத்தவர் மாட்டியதில் கை வைக்கப் பல கம்பெனிகள் தயங்குகின்றன. கூலியும் வீட்டுக்காரர் தலையில்தான்.

லீஸ் பக்கம் திரும்பும் சந்தை

புதிய சட்டம் எல்லாக் கதவையும் மூடவில்லை. வீட்டுக்காரர் வாங்கினால் சலுகை இல்லை. ஆனால் கம்பெனியே பேனலைத் தன் பெயரில் வைத்து, வீட்டுக்காரரிடம் மாத வாடகை வாங்கினால், அந்தக் கம்பெனிக்கு வேறு ஒரு பிரிவில் சலுகை தொடர்கிறது. அதற்கு 2026 ஜூலை 4-க்குள் பணி தொடங்க வேண்டும், இல்லையென்றால் 2027 இறுதிக்குள் பயன்பாட்டுக்கு வர வேண்டும்.

அதனால் விற்பனையாளர்கள் லீஸைத்தான் முன்னிறுத்துகிறார்கள். முன்பணம் வேண்டாம், பராமரிப்பும் கம்பெனி பொறுப்பு என்பது இதில் நல்ல விஷயம். ஆனால் வாடகை வருஷா வருஷம் ஏறும் ஒப்பந்தங்கள் உண்டு. மாதம் 100 டாலரில் தொடங்கி வருஷத்துக்கு 2.9% ஏறினால், 25-வது வருஷம் மாதம் சுமார் 199 டாலர். வீட்டை விற்க வேண்டி வந்தால், வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தையும் ஏற்க வேண்டும். மறுத்தால் அதை முடித்துவைக்கும் செலவு விற்பவருக்கு.

ஆஸ்திரேலியா மட்டும் எப்படி தப்பிச்சது?

ஆஸ்திரேலியாவிலும் மானியம் குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களில் அங்கே சோலார் இருக்கிறது. வித்தியாசம் எங்கே?

முதல் காரணம், படிப்படியான குறைப்பு. மத்திய அரசின் ஊக்கத்தொகை ஒவ்வொரு ஜனவரியிலும் கொஞ்சம் குறைந்து, 2030-ல் முடியும். பல வருஷம் முன்பே அறிவித்த அட்டவணை. ஆகவே கம்பெனிகள் அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பழகிவிட்டன.

இரண்டாவது காரணம், அடிப்படை விலையே குறைவு. வீட்டு சோலார் அமைக்க அமெரிக்காவில் ஒரு வாட்டுக்குச் சுமார் 3 அமெரிக்க டாலர். ஆஸ்திரேலியாவில் சுமார் 1 ஆஸ்திரேலிய டாலர். அமெரிக்காவில் பேனலின் விலை மொத்தத்தில் சிறு பங்குதான். ஊருக்கு ஊர் மாறும் அனுமதி நடைமுறை, விளம்பரம், வீடு வீடாக வரும் விற்பனையாளரின் கமிஷன் எல்லாம் சேர்ந்துதான் விலை ஏறுகிறது. 30% சலுகை இருந்தவரை இந்தச் செலவு வெளியே தெரியவில்லை.

கிரிட்டுக்குக் கொடுக்கும் மின்சாரத்தின் விலை ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. விக்டோரியா மாநிலத்தில் 2009-ல் யூனிட்டுக்கு 60 சென்ட் கொடுத்த காலம் உண்டு. 2025-26-க்கான குறைந்தபட்ச விலை 0.04 சென்ட். கிட்டத்தட்ட சும்மா! ஆனாலும் வீட்டிலேயே பயன்படுத்தும் மின்சாரம் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதால் மக்கள் சோலார் வைக்கிறார்கள். 2025 ஜூலை முதல் அரசு தன் ஊக்கத்தைப் பேட்டரி பக்கமும் திருப்பியிருக்கிறது.

இந்தியாவுக்கு என்ன பாடம்?

இந்தியாவில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 1 கோடி வீடுகள் இலக்கு. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், அடுத்த 1 கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். அறிவிக்கப்பட்டபடி இது 2026-27 நிதியாண்டு வரைக்குமான திட்டம். அதாவது, இதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு.

ஆகவே மாடியில் சோலார் வைக்க யோசிப்பவர்கள், அமெரிக்கக்காரர்கள் தாமதமாகக் கேட்ட கேள்விகளை இப்போதே கேட்டுக்கொள்ளலாம்:

* மானியம் இல்லாமல் கணக்குப் போட்டால் எத்தனை வருஷத்தில் காசு திரும்பும்? தமிழ்நாட்டில் 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கரண்ட் பில் ஏற்கெனவே குறைவாக வரும் வீட்டுக்கு லாபம் கையில் வர நாளாகும். ஏசி, மோட்டார் என்று அதிகம் ஓடும் வீட்டுக்குச் சீக்கிரம் வரும்.
* பகலில் நம் வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது? கிரிட்டுக்குக் கொடுக்கும் விலை நாளை மாறலாம். நாமே பயன்படுத்தும் யூனிட்டின் மிச்சம் நம்மிடமே இருக்கும்.
* மாட்டித் தரும் கம்பெனி உள்ளூரில் எத்தனை வருஷமாக இருக்கிறது? ஏற்கெனவே மாட்டிய 2 வீடுகளை நேரில் போய்ப் பார்க்க முடியுமா?
* பேனல், இன்வெர்ட்டர் வாரண்டி கார்டு, சீரியல் நம்பர், வயரிங் வரைபடம் நம் கையில் இருக்கிறதா? கம்பெனி இல்லாமல் போனாலும், அடுத்து வருபவர் வேலை செய்ய இதுதான் உதவும்.
* "இன்னிக்கே கையெழுத்து போடுங்க, நாளைக்கு மானியம் போயிடும்" என்று யாராவது அவசரப்படுத்துகிறார்களா? அப்படியென்றால் இன்னொரு கம்பெனியிடமும் விலை கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மானியத்துக்கு ஒரு கடைசித் தேதி இருக்கலாம். ஆனால் மாடியில் ஏற்றிய பேனல் 25 வருஷம் அங்கேதான் இருக்கப் போகிறது. கணக்கும் அந்த 25 வருஷத்துக்கானதாக இருக்க வேண்டும்.