பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம்

இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், கோயம்புத்தூருக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் அமைந்துள்ள கல்வி நிறுவனம். 1930-இல் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரால் தொடங்கப்பட்டது. ஒரே ஒரு மாணவருடன் தொடங்கிய இந்த உண்டு உறைவிடப் பள்ளி, தீண்டாமை ஒழிப்பு, உழைப்போடு இணைந்த கல்வி, தமிழ்வழிக் கல்வி ஆகிய மூன்றிலும் கொங்கு நாட்டின் கல்வி வரலாற்றில் இடம்பெற்றது.

பின்னணி

அவினாசிலிங்கம் 1903-இல் திருப்பூரில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னையில் சட்டம் பயின்றவர். காந்தியடிகளின் வழியில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். இராமகிருஷ்ணர், விவேகானந்தர் கருத்துகளில் ஈடுபாடு கொண்டிருந்தார். மனிதனை உருவாக்குவதே கல்வி என்ற விவேகானந்தரின் எண்ணத்தைப் பள்ளியாக வடிக்க விரும்பினார்.

அக்காலத்தில் சாதி வேறுபாடு பள்ளிகளிலும் ஆழமாக வேரூன்றியிருந்தது. பட்டியல் வகுப்புப் பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே பந்தியில் உண்பதும் ஒரே கிணற்றில் நீர் எடுப்பதும் பல ஊர்களில் நினைத்துப் பார்க்க முடியாதவை. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல்தான் வந்தது.

தொடக்கம்

உப்புச் சத்தியாகிரகம் நடந்த அதே ஆண்டில், 1930 ஜூலையில், கோவையில் வித்யாலயம் தொடங்கியது. முதல் மாணவர், அன்று ஹரிஜனர் என அழைக்கப்பட்ட பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒரு சிறுவர். காந்தியடிகள் ஹரிஜன சேவா சங்கத்தை 1932-இல்தான் நிறுவினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கோவையில் இந்த முயற்சி தொடங்கிவிட்டது. பின்னர்ச் சேர்ந்த பிற சாதி மாணவர்களும் அதே விடுதியில் தங்கினர். அதே பந்தியில் உண்டனர். அன்றைய சூழலில், தம் மகனை இங்கே சேர்ப்பது என்பதே பெற்றோர் எடுக்கும் சமூக முடிவாக இருந்தது.

பெரியநாயக்கன்பாளையத்தில்

ஹரிஜன யாத்திரையாகத் தமிழகம் வந்த காந்தியடிகள் 1934-இல் பெரியநாயக்கன்பாளையத்தில் வித்யாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பாலமலைக்கு அருகில் உள்ள ஊர் இது. கோவை–மேட்டுப்பாளையம் இருப்புப்பாதையில் நிலையம் இருந்ததால் வெளியூர் மாணவர்கள் வந்துசேர வசதியாக இருந்தது.

குருகுல முறையில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே வளாகத்தில் வாழ்ந்தனர். அறையைக் கூட்டுவது, தோட்ட வேலை, நூற்பு போன்றவையும் கல்வியின் பகுதிகள். துப்புரவு வேலை ஒரு சாதிக்கு உரியது என்ற எண்ணம் நிலவிய காலத்தில், எல்லா மாணவரும் முறைவைத்து அதைச் செய்தது பாடப்புத்தகம் கற்பிக்க முடியாத பாடமாக அமைந்தது. 1937-இல் வார்தா மாநாட்டுக்குப் பின் நாடெங்கும் பேசப்பட்ட ஆதாரக் கல்விக்கு இப்பள்ளி இயல்பாகவே நெருங்கியிருந்தது.

தமிழ்வழிக் கல்வியும் கலைக்களஞ்சியமும்

கவிஞரும் இசைப் பாடலாசிரியருமான பெரியசாமித் தூரன் இங்கு ஆசிரியராகப் பணியாற்றினார். ஈரோட்டுப் பகுதியில் 1908-இல் பிறந்தவர் அவர்.

அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வியை வலுப்படுத்த முனைந்தார். அறிவியலையும் வரலாற்றையும் தமிழில் கற்பிக்க வேண்டுமானால் ஆசிரியர் கையில் தமிழ் நூல்கள் வேண்டும். கலைச்சொற்களும் வேண்டும். இத்தேவையை நிறைவேற்ற அவர் முயற்சியால் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவானது. கழகத்தின் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குத் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியரானார். முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது; 1968-இல் பத்துத் தொகுதிகளும் நிறைவுற்றன. தொடர்ந்து குழந்தைகள் கலைக்களஞ்சியமும் அவர் பொறுப்பில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. வகுப்பறையில் நின்று பாடம் நடத்திய ஒருவரிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பிற்கால வளர்ச்சி

விடுதலைக்குப் பின் வளாகத்தில் ஆசிரியர் கல்லூரி, உடற்கல்விக் கல்லூரி, கலை அறிவியல் கல்லூரி, வேளாண் பயிற்சி ஆகியவை தோன்றின. சுவாமி சிவானந்தா மேல்நிலைப் பள்ளியும் கலாநிலையம் நடுநிலைப் பள்ளியும் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குப் பயன்படுகின்றன. 1960-களுக்குப் பின் இயந்திரத் தொழிற்சாலைகள் பெருகி, வேளாண்மைக் கிராமமாக இருந்த பெரியநாயக்கன்பாளையம் கோவையின் புறநகராக மாறியது. சோளக்காட்டில் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் தொழில்நுட்பப் பணியாளர்களாகவும் ஆக உள்ளூரிலேயே கல்வி கிடைத்தது.

முக்கியத்துவம்

அவினாசிலிங்கம் 1991-இல் மறைந்தார். வித்யாலயத்தின் வரலாற்றை அதன் கட்டடங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க இயலாது. ஊர் ஒதுக்கிவைத்த பிள்ளையை முதல் மாணவராக ஏற்றுக்கொண்ட பள்ளி அது. ஒதுக்கப்பட்டவருக்கு மிச்சமுள்ள இடத்தைக் கொடுப்பது வேறு, அவரிடமிருந்தே பள்ளியைத் தொடங்குவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே கல்வி வரலாற்றில் இந்நிறுவனத்தின் சிறப்பாகும்.