விண்ணமங்கலத்து ஏரி: மர்பி டவுன் நீர்நிலம் பற்றி ஒரு மறுவாசிப்பு

அல்சூர் ஏரியை இரண்டாம் கெம்பேகவுடர் வெட்டினார். 1862 முதல் 1870 வரை மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் அதற்கு இன்றைய வடிவம் தந்தார். பெங்களூர் பற்றிய நூல்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சொல்லிவரும் வரலாறு இது. இதைக் கொடையாளி வாசிப்பு என்று அழைக்கிறேன். ஏரி என்றாலே ஒரு பெரிய மனிதரும் ஒரு தேதியும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்த வாசிப்பு தவறு என்று சொல்வதைவிட, பாதியில் நின்றுவிட்டது என்பதே பொருந்தும்.

பௌரிங்கையே எடுத்துக்கொள்வோம். ‘இன்றைய வடிவம்’ என்ற சொற்றொடர் கரையை உயர்த்தியதையும் குறிக்கலாம், புதிதாக வெட்டியதையும் குறிக்கலாம். 1882இல் பொறியாளர் சாங்கி கட்டிய ஏரி அவர் பெயரிலேயே வழங்குகிறது. பௌரிங் பெயரில் மருத்துவமனை உண்டு, ஏரி இல்லை. இது வலுவான சான்று அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஊர் ஒரு நீர்நிலையை எப்படி அழைக்கிறது என்பதை வரலாற்றாளர் அலட்சியம் செய்யக் கூடாது.

முதலாம் கெம்பேகவுடர் பெங்களூர்க் கோட்டை கட்டியது 1537இல். அதற்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு முன்பே அல்சூர்ப் பக்கத்தில் ஏரிநிலம் கைமாறியிருக்கிறது. சான்று தோமலூர் சொக்கநாதர் கோயிலில் இருக்கிறது. லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்னாடிகா’ ஒன்பதாம் தொகுதியில் இக்கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் பதிவாகியுள்ளன. அவற்றில் ஊரின் பெயர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. போசள மன்னன் வீர ராமநாதன் காலம் அது. ஒரு கல்வெட்டில் தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் ஜலப்பள்ளியிலிருந்தும் விண்ணமங்கலம் ஏரியிலிருந்தும் இறைவனுக்கு நிலம் விடுகிறார்கள். அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்த செய்தி வேறொரு கல்லில் உள்ளது. அதன் ஆண்டு 1270. அதே ஆண்டை நிலக்கொடைக்கும் ஏற்றிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பக்கத்துக் கல்லின் தேதியை இரவல் வாங்க எனக்குத் துணிவில்லை. 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விண்ணமங்கலம் எது? அல்சூரை ஒட்டிய மர்பி டவுனுக்கு அடுத்த இந்திராநகர்ப் பகுதிக்கு இன்றும் பின்னமங்கலா என்றே பெயர். தமிழில் சொல்முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பகரமாவது தெரிந்த செய்திதான்: வேர் பேரு ஆகிறது, வா பா ஆகிறது. இந்த ஊர்ப்பெயரும் அதே வழியில் வந்திருக்கிறது. ‘மங்கலம்’ என்பதைக் கண்டதும் பிரமதேயம், அதாவது பிராமணர்க்கு விட்ட ஊர், என்று முடிவுகட்டுவோர் உண்டு. பெயரீறு ஒன்றை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது.

‘ஏரியிலிருந்து நிலம்’ என்பதில்தான் என் வாதம் நிற்கிறது. நீருக்கு நடுவே நிலம் இருக்காது. அங்கே கொடுக்கக்கூடியது பெரும்பாலும் ஏரிக்குக் கீழே மதகுநீர் பாயும் நன்செய்தான். ஆக, கல்வெட்டு ‘ஏரி’ என்று சொல்லும்போது கரை, தூம்பு, கலிங்கல், கீழ்வயல் எல்லாம் அதில் அடக்கம். மழைக்காலத்தில் கலிங்கல் வழிந்தால் வெள்ளம் அந்த வயலில் பரவி, மெல்ல அடுத்த ஏரிக்கு இறங்கும். கொடையாளி வாசிப்பு கரையைப் பார்த்தது, வயலை விட்டுவிட்டது.

பிற்கால நகரம் கட்டியது பெரும்பாலும் அந்த வயல்களின் மேல்தான். நாக்ஸ்பேட்டை என்றிருந்த குடியிருப்பு, பொறியாளர் மர்பியின் பெயரைப் பெற்றது. வயல் போனபின் வெள்ளத்துக்கு மிஞ்சியது ராஜகாலுவே என்னும் மழைநீர் வாய்க்கால் மட்டும். மர்பி டவுன் தமிழில் அது வெறும் மோரி. தெற்கே ஏரிகளும் தப்பவில்லை: சள்ளகட்டா ஏரி கோல்ஃப் மைதானமாயிற்று, கோரமங்கலா ஏரியில் தேசிய விளையாட்டு கிராமம் எழுந்தது. 2021இல் சுமார் 175 கோடி ரூபாயில் தொடங்கிய கே-100 திட்டம், மெஜஸ்டிக் பக்கமிருந்து பெல்லந்தூரை நோக்கிச் செல்லும் காலுவேயை ஆற்றங்கரை போல் நடைபாதையும் செடிகளுமாக மாற்ற முனைந்தது. சாக்கடையைத் திருப்பிவிட எண்ணியது நல்ல காரியமே. ஆனால் அதுவும் வாய்க்காலின் இரு சுவர்களுக்கு நடுவிலேயே நீரைத் தேடுகிறது. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர்ப் பக்கம் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனவர்கள், சுவருக்கு வெளியே வந்த நீரைத்தான் பார்த்தார்கள்.

அல்சூர் ஏரியும் பெல்லந்தூருக்கு இறங்கும் இதே ஏரித்தொடரில் இருப்பது. அதன் உபரிநீர் பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. இந்தத் தொடரில் விண்ணமங்கலத்து ஏரியின் கரை எந்தத் தெருவில் ஓடியது என்பது இன்னும் தீரவில்லை. மர்பி டவுன், ஜோகுபாளையம், பின்னமங்கலா பகுதிகளில் பழைய கிரயப் பத்திரம் வைத்திருப்பவர்கள் நான்கெல்லை எழுதிய பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதில் ஏரிக்கரை, மதகு, கோடி என்று ஒரு சொல் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து வையுங்கள்.