நகரா விசை

நபிகளாரின் பெயரை எழுதியதும் சலவாத்து வர வேண்டும். எமது சஞ்சிகைகளில் அது (ஸல்) என்று சுருங்கிப் போய்விட்டது. அச்சுக் கோத்தவரின் பெட்டியில் இருந்த எழுத்துகள் அவ்வளவுதான், அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் யுனிகோட் அட்டவணையில் அந்த முழு வாசகமும் ஒரே எழுத்தாக 1993 முதல் இருக்கிறது. லினக்ஸ் கணனியில் கன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு, எஃப், டி, எஃப், ஏ என்று தட்டி இடைவெளி விசையை அழுத்தினால் பெரும்பாலான செயலிகளில் அது வந்து விழும். கடைசி ஏக்குப் பதில் டி என்றால் முழு பிஸ்மில்லாஹ். இது 2003இல் சேர்ந்தது.

விசைகள் குறைவு, எழுத்துகள் அதிகம் என்ற இந்தச் சங்கடம் கணனியோடு வந்ததல்ல. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா, சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் 247 எழுத்துகளோடு மல்லுக்கட்டியவர். அவர் கண்ட வழி நகரா விசை. புள்ளியைத் தட்டினால் உருளை நகராது; அடுத்துத் தட்டும் எழுத்தின் தலையில் அது போய்க் குந்திக்கொள்ளும். ஆங்கிலத் தட்டச்சில் இதற்குச் செத்த விசை என்று பெயர். லினக்ஸின் விசைப் பட்டியலில் இன்றும் அந்தப் பெயரே நிற்கிறது.

அதன் தம்பிதான் கம்போஸ் விசை. 1983இல் டிஜிட்டல் நிறுவனத்தின் விடி 220 முனையத்தில் அதற்கென்றே தனி விசை இருந்தது. இப்போது வலப்பக்க ஆல்ட்டை அதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். அதை அழுத்தி, ஆச்சரியக்குறியையும் எச்சையும் தட்டினால் கீழ்ப்புள்ளியிட்ட எச் வரும். அடிக்கோட்டையும் ஏயையும் தட்டினால் மேற்கோடிட்ட நெடில் ஏ வரும். அறபுச் சொற்களை ரோம எழுத்தில் பிழையின்றித் தர விரும்பும் ஆய்வாளர்களுக்கு வேறென்ன வேண்டும்? இன்னும் ஒன்று: எக்ஸ்கம்போஸ் என்ற கோப்பில் எமக்கு வேண்டிய சேர்க்கைகளை நாமே எழுதிவைக்கலாம். எஸ், டபிள்யூ இரண்டையும் தட்டினால் சலவாத்து வரட்டும் என்று ஒரு வரி போதும்.

எமது முன்னோர் செய்ததும் இதுதானே! அறபியில் ப இல்லை, ட இல்லை, ழ இல்லை. இருக்கும் எழுத்துகளில் புள்ளியைக் கூட்டி அறபுத் தமிழை ஆக்கினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் கிதாபுகள் அந்த எழுத்தில்தான் இலங்கைக் கரைகளெங்கும் ஓதப்பட்டன. கல்லச்சில், எழுதுபவர் கை வைத்த புள்ளியெல்லாம் தாளில் விழும். ஈய எழுத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. அறபுத் தமிழ் ஒதுங்கியதற்குப் பள்ளிக்கூடம் ஒரு காரணமென்றால், விசைக்குள் அடங்காமை இன்னொரு காரணம் என்பது என் எண்ணம்.

இலங்கையின் தமிழ் விசைப்பலகைக்கு 2008இல் வந்த 1326ஆம் இலக்கத் தரம் பழைய ரெங்கநாதன் தட்டச்சு முறையையே தழுவியது. அதில் ஸ, ஹ, ஜ எல்லாம் உண்டு, ஆய்தமும் உண்டு. ஆகவே பாத்திமாவை ஃபாத்திமா என்று இடாப்பில் எழுதுவதா என்பது இப்போது விசையின் பிரச்சினையல்ல. பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறது என்பதே பிரச்சினை.

அறபுத் தமிழுக்கு அப்படியொரு தரம் கிடையாது. ஒரே ஒலிக்கு ஊருக்கு ஊர் புள்ளி மாறுகிறது. பெரகல போன்ற மலைச் சந்திகளிலும் உம்மாமாரின் அலுமாரிகளில் கிதாபுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றைத் தட்டச்சில் ஏற்றப் புகும் இளைஞர், முதலில் கைவசமுள்ள கிதாபின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எது எந்த ஒலிக்கு என்று ஓதத் தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். விசைக்கோப்பு எழுதுவது ஒரு பின்னேர வேலை. அந்த மூத்தவர்கள்தான் குறைந்துகொண்டு போகிறார்கள்.